மழைமானிக்கு வீட்டிலேயே ஹீட்டர்: எத்தனை வாட், எங்கே வைப்பது?

கேள்வி சுருக்கமாக இது. கனடாவில், ஒட்டாவாவின் கனாட்டா பகுதியில் வீடு. பின்புறத் தோட்டத்தில், சுவரிலிருந்து 15 மீட்டர் தள்ளி ஒரு கம்பத்தில் டேவிஸ் வான்டேஜ் புரோ 2 வானிலை நிலையம். டிசம்பரில் பனி கொட்டும்போது மழைமானி பூஜ்யம் காட்டுகிறது. சில நாள் கழித்து, வானம் நீலமாக இருக்கும் ஒரு மதியத்தில் 6 மி.மீ. "மழை" பதிவாகிறது. உள்ளே 60 வாட் குண்டு பல்போ, தண்ணீர்க் குழாயில் சுற்றும் ஹீட்டிங் கேபிளோ வைத்து இதைச் சரி செய்யலாமா, எத்தனை வாட் வேண்டும், தீப்பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யலாம். 12 வோல்ட்டில் 20 முதல் 25 வாட் போதும். பல்பு வேண்டாம், கேபிளும் வேண்டாம். வாட் எவ்வளவு என்பதைவிடச் சூட்டை எங்கே கொடுக்கிறீர்கள் என்பதில்தான் இந்த வேலையே இருக்கிறது. நிறையப் பேர் புனலை மட்டும் சூடாக்கிவிட்டு, கீழே தண்ணீரை அளக்கும் சின்ன வாளியையும் வடிகால் துளையையும் மறந்துவிடுகிறார்கள். உருகிய நீர் கீழே போய் மறுபடி உறைகிறது. "ஹீட்டர் போட்டும் வேலை செய்யவில்லை" என்று வாட்டைக் கூட்டுகிறார்கள். கூட்டக் கூட்ட அளவு இன்னும் மோசமாகிறது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த நீலவானத்து மழை. உங்கள் மானியின் வாய் 16.5 செ.மீ. விட்டம், சுமார் 214 சதுர செ.மீ. பரப்பு. உள்ளே சீசா போல ஆடும் சின்ன வாளி, 0.2 மி.மீ. மழைக்கு ஒருமுறை சாயும். அதாவது ஒரு சாய்வுக்கு ஏறத்தாழ 4.3 மி.லி. தண்ணீர். சாயும்போது அதில் இருக்கும் காந்தம் ஒரு ரீட் சுவிட்சை (காந்தம் பக்கத்தில் வந்தால் மூடிக்கொள்ளும் சின்ன சுவிட்ச்) கடக்கும், நிலையம் ஒன்று எண்ணும். பனி புனலிலேயே தங்கிவிட்டால் எண்ண எதுவும் இல்லை. பிறகு வெயில் வந்து கறுப்புப் புனலைச் சூடாக்கும்போது, பழைய பனி தேதி மாறி மழையாகப் பதிவாகிறது. உங்கள் 6 மி.மீ. என்பது முப்பது சாய்வு. அதுகூட விழுந்ததின் மிச்சம்தான். இடைப்பட்ட நாட்களில் ஒரு பகுதியைக் காற்று அள்ளிக்கொண்டு போயிருக்கும்.

எத்தனை வாட் என்பதைக் காகிதத்திலேயே கண்டுபிடிக்கலாம். மணிக்கு 2 செ.மீ. பனி என்பது நல்ல கொட்டல். 1 செ.மீ. பனிக்கு 1 மி.மீ. தண்ணீர் என்று தோராயமாக வைத்தால், மணிக்கு 2 மி.மீ., உங்கள் வாய்க்குள் விழுவது 43 கிராம். ஒரு கிராம் பனியை உருக்க 334 ஜூல். மைனஸ் 10 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவர இன்னும் 21, உருகிய பின் 3 டிகிரிக்கு ஏற்ற 13 சேர்த்தால் கிராமுக்கு 368 ஜூல். 43 கிராமுக்கு மணிக்கு 16 கிலோஜூல் அளவு. வாட்டில் சொன்னால் வெறும் 4.4.

அவ்வளவுதானா என்று தோன்றும். பனியை உருக்க ஆகும் செலவு அவ்வளவுதான். மீதியெல்லாம் காற்றுக்குப் போகிறது. மிதமான காற்றில் ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 20 வாட் இழக்கும் என்று வைப்போம். வெளியே மைனஸ் 10, மானி பிளஸ் 3 என்றால் திறந்த வாய் வழியாக 5 அல்லது 6 வாட். பக்கச் சுவர் 20 செ.மீ. உயரம் என்று எடுத்தால் அதன் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அங்கே 27 வாட் ஓடும். இதே சுவரைச் சுற்றி 1 செ.மீ. தடிப்பில் நுரை ஷீட் ஒட்டினால் அந்த 27, நான்காகக் குறைகிறது. ஆகவே இன்சுலேஷனோடு மொத்தத் தேவை 14 வாட் அளவு, இல்லாமல் 37. ஹீட்டர் வாங்கும் முன் நுரை வாங்குங்கள். பழைய யோகா பாய் இருந்தால் அதுவே போதும், தண்ணீர் குடிக்காத மூடிய நுரையாக இருக்க வேண்டும். மேல் விளிம்புக்கு ஒரு விரல் கீழேயே நிறுத்திவிடுங்கள். விளிம்பைத் தடிமனாக்கினால் காற்று அங்கே சுழன்று, விழ வேண்டிய பனியைத் தள்ளிக்கொண்டு போகும்.

14 தேவை, கையில் 24 இருக்கட்டும். காற்று பலத்தால் அந்த உபரி வேண்டியிருக்கும்.

அப்படியானால் 60 வாட் இன்னும் நல்லதுதானே? இல்லை. சூடான ஈரப் புனலிலிருந்து தண்ணீர் ஆவியாகும். மைனஸ் 5 டிகிரியில் ஓரளவு ஈரமான காற்றில் நீராவி அழுத்தம் சுமார் 3.2 ஹெக்டோபாஸ்கல். 5 டிகிரியில் இருக்கும் ஈரப்பரப்பில் அது 8.7. அதே 20 டிகிரிப் பரப்பில் 23.4. இந்த வித்தியாசம்தான் ஆவியாதலைத் தள்ளுகிறது. மேலே சொன்ன அதே காற்றுக்குக் கணக்குப் போட்டால், 5 டிகிரிப் புனல் மணிக்கு 0.24 மி.மீ. இழக்கும், 20 டிகிரிப் புனல் 0.87 மி.மீ. இழக்கும். இது முழுப் புனலும் நனைந்து காற்றுக்குத் திறந்திருந்தால் ஆகும் மேல்வரம்பு, உண்மையில் கொஞ்சம் குறையும். ஆனாலும் ஒட்டாவா போன்ற ஊரில் பல நாள் மணிக்கு அரை மி.மீ. கூட வராத பொடிப்பனிதான் தூறிக்கொண்டிருக்கும். சூடான புனலில் அதில் ஒரு சொட்டுகூட வாளிக்குப் போய்ச் சேராது. போதாததற்கு, வாயிலிருந்து எழும் வெதுவெதுப்பான காற்று லேசான செதில்களை மேலேயே விலக்கிவிடும். எனவே புனல் 3 அல்லது 4 டிகிரியைத் தாண்டக் கூடாது. அமெரிக்க விமான நிலையங்களின் தானியங்கி வானிலை நிலையங்களில் முதலில் சூடாக்கிய சாய்வாளி மானிகளைத்தான் வைத்தார்கள். பனியைக் குறைத்துக் காட்டுகிறது என்பதால், 2000களில் பல இடங்களில் எடை பார்க்கும் மானிகளாக மாற்றினார்கள். அவர்களுக்கே தொல்லை கொடுத்த விஷயம் இது.

இப்போது பல்பு. குண்டு பல்பு ஒரு புள்ளியில் கடும் சூடு. மூடிய பிளாஸ்டிக் கூம்புக்குள் 60 வாட் என்றால் நேர் மேலே இருக்கும் பகுதி வளையும். சூடான கண்ணாடியில் ஒரு சொட்டு உருகுநீர் பட்டால் விரிசல். அதற்கு மேல், ஈரமான இடத்தில் 120 வோல்ட். பழைய கிறிஸ்துமஸ் சரத்தில் வரும் 5 அல்லது 7 வாட் பல்புகளை இதற்குப் போடுகிறவர்கள் உண்டு. வாட் சரிதான், வோல்ட் சரியில்லை. குழாய் ஹீட்டிங் கேபிளில், ஒரே வாட் தரும் வகையை வெட்டவும் கூடாது, தன்மேல் தானே படும்படி சுற்றவும் கூடாது. படும் இடம் கருகும். ஒரு சாண் அகலக் கூம்புக்குள் படாமல் சுற்றுவது நடக்கிற காரியமில்லை. தானே சூட்டைக் குறைத்துக்கொள்ளும் வகை பாதுகாப்பானது, ஆனால் அது விறைப்பாக இருக்கும், அதுவும் 120 வோல்ட்.

சரி, எப்படிச் செய்வது. அலுமினிய உறை போட்ட 25 வாட் ரெசிஸ்டர் (மின்சாரம் பாய்ந்தால் சூடாகும் பாகம்), 1.5 ஓம், நான்கு வாங்குங்கள். தொடராக இணைத்தால் 6 ஓம். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர், மொத்தம் 24 வாட், ஆளுக்கு 6 வாட். 25 தாங்குவதற்கு 6 கொடுப்பதால் அவை பல குளிர்காலம் நிற்கும். இரண்டை மேலே, இரண்டைக் கீழே வையுங்கள்.

மேலே இருப்பவற்றை பிளாஸ்டிக்கில் நேராக ஒட்டாதீர்கள். இந்தப் பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட ஆயிரம் மடங்கு மோசம். இரண்டரை மி.மீ. தடிப்புள்ள சுவர் வழியாக 10 வாட்டை 300 சதுர செ.மீ.யில் பரப்பினால் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் 4 டிகிரிதான் வித்தியாசம். அதே 10 வாட்டை 10 சதுர செ.மீ.யில் குவித்தால் காகிதக் கணக்கில் 125 டிகிரி வருகிறது. தோசைக்கல்லின் நடுவில் மட்டும் தீ எரிகிற கதை: நடு கருகும், ஓரம் வேகாது. எனவே புனலின் அடிப்பக்கம் முழுக்க, காற்றுக் குழாய் வேலை பார்ப்பவர்கள் ஒட்டும் அலுமினியத் தாள் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். புனலின் கழுத்தைச் சுற்றி 2 மி.மீ. அலுமினியப் பட்டை ஒன்றை வளைத்து அதன்மேல் பொருத்தி, ரெசிஸ்டர்களை அந்தப் பட்டையில் திருகுங்கள். டேப் சூட்டை மேல் விளிம்பு வரை இழுத்துக்கொண்டு போகும்.

கீழே, வாளி உட்கார்ந்திருக்கும் தளத்தில் இன்னொரு அலுமினியத் தகடு, அதில் மற்ற இரண்டு ரெசிஸ்டர். இந்தத் தகட்டிலிருந்து விரல் அகலத்தில் நாக்குகள் வெட்டி, வடிகால் துளை ஒவ்வொன்றின் வழியாகவும் 2 செ.மீ. கீழே தொங்கவிடுங்கள். இந்தச் சின்ன நாக்குதான் முழு வேலையையும் காப்பாற்றுகிறது. மைனஸ் 10 டிகிரியில் துளையை விட்டு வெளியே வரும் சொட்டு அங்கேயே தொங்கி உறையும். அடுத்தது அதன்மேல். கொஞ்ச நேரத்தில் துளை அடைபட்டு, தண்ணீர் தளத்தில் ஏறி, வாளி குளத்தில் நின்றுவிடும். வெளியே இருந்து பார்த்தால் புனல் பளிச்சென்று இருக்கும், எண்ணிக்கை மட்டும் வராது. சூடான நாக்கு இருந்தால் சொட்டு நழுவி விழும், பனிக்கட்டி தரையில்தான் வளரும்.

தளத்தில் திருகு போடும்போது பித்தளைத் திருகு பயன்படுத்துங்கள். இரும்புத் திருகு காந்தத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வாளியை ஒரு பக்கம் இழுக்கும், எண்ணிக்கை கெடும். ஹீட்டர் ஒயரும் ரீட் சுவிட்ச் ஒயரும் ஒன்றாகக் கட்டப்படக் கூடாது, ஹீட்டரைப் போட்டு அணைக்கும் ரிலே சுவிட்ச் அடிக்கும்போதெல்லாம் பொய்ச் சாய்வு பதிவாகலாம். கூம்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டுமே, அதனால் மேல் ரெசிஸ்டருக்குப் போகும் ஒயரில் ஒரு பிளக் வைத்துக்கொள்ளுங்கள்.

பறவைகள் உட்காராமல் இருக்க விளிம்பில் செருகியிருக்கும் கம்பிகளைக் குளிர்காலத்துக்கு எடுத்துவிடுங்கள். ஈரப்பனி அதில்தான் முதலில் பிடித்துக்கொண்டு வாயை மூடும். புனலுக்குள் இருக்கும் குப்பை வடிகட்டியும் அப்படித்தான், நவம்பரில் இலை எல்லாம் விழுந்து முடிந்ததும் அதற்கு வேலை இல்லை.

மின்சாரப் பக்கம் எளிது. 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே போவது 12 வோல்ட் மட்டும். தோட்ட விளக்குக்கு விற்கும் 16 கேஜ் கேபிள் போதும், 15 மீட்டர் போய்வர 0.8 வோல்ட் அளவுதான் விழும். வீட்டில் கிடக்கும் காலிங் பெல் ஒயரை இழுத்தால் அதுவே ஒரு ஓம் ஆகிவிடும், மானிக்கு 24க்குப் பதில் 17 அல்லது 18 வாட்தான் போய்ச் சேரும்.

கட்டுப்பாட்டுக்கு டபிள்யூ 1209 என்ற சின்ன தெர்மோஸ்டாட் போர்டு எல்லா இடத்திலும் மலிவாகக் கிடைக்கிறது. நீர் புகாத பெட்டியில் போட்டுக் கம்பத்தில் மாட்டுங்கள். அதன் சென்சாரைப் புனலின் அடிப்பக்கத்தில், ரெசிஸ்டரிலிருந்து தள்ளி ஒட்டி, 4 டிகிரியில் நிற்கவும் 2 டிகிரியில் தொடங்கவும் அமைத்தால் போதும். காற்றின் வெப்பநிலைக்குத் தனி தெர்மோஸ்டாட் தேவையில்லை. கோடையில் புனல் எப்படியும் 4க்கு மேல்தான் இருக்கும். ஒரு குளிர்காலம் நான்கு மாதம் இடைவிடாமல் எரிந்தால்கூட 70 யூனிட்தான், நடைமுறையில் அதைவிடக் குறையும். நிலையத்தில் இருக்கும் சோலார் பலகையிலிருந்து இதை எடுக்கலாமா என்றால், அந்தப் பேச்சே வேண்டாம். அது ரேடியோவுக்குத் தீனி போடவே அளவாகச் செய்தது.

தீப்பிடிக்குமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரிலே ஒட்டிக்கொண்டு அணையாமல் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் யோசிக்க வேண்டிய நிலை. ஜூலை மாத வெயிலில் 24 வாட் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே கொதிக்கும். அதற்கு, 72 டிகிரியைத் தாண்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் ஒன்றை ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் தொடராக வையுங்கள். அதன் காலில் சால்டர் வைக்காதீர்கள், அந்தச் சூட்டிலேயே ஃபியூஸ் போய்விடும். ஒயரை அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் கனெக்டர்தான் வழி. அடாப்டர் பக்கத்தில் 3 ஆம்பியர் சாதா ஃபியூஸ் ஒன்று. மே மாதம் வந்ததும் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். 12 வோல்ட், இரண்டு ஃபியூஸ், பரப்பிய சூடு என்று இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

உங்கள் மாடலில் நீங்கள் கேட்காத ஒரு சிக்கலும் இருக்கிறது. வெப்பநிலை, ஈரப்பதம் அளக்கும் சென்சாரின் அடுக்குத் தட்டுக் கூடு மழைமானிக்கு நேர் கீழே தொங்குகிறது. மேலே 24 வாட் எரிந்தால், காற்றில்லாத இரவில் அதன் சூடு கூட்டுக்குள் இறங்கலாம், வடிகாலில் சொட்டும் நீர் தட்டுகளில் உறையவும் வாய்ப்புண்டு. மழையைச் சரி செய்யப் போய் வெப்பநிலையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கூட்டைக் கழற்றி, சென்சார் கேபிளை நீட்டி, கம்பத்தின் வேறு உயரத்தில் அல்லது ஒரு கை தள்ளி மாட்டுங்கள். இதைச் செய்ய மனமில்லை என்றால் ஹீட்டரே வைக்காமல் இருப்பது மேல் என்பேன். குளிர்கால வெப்பநிலைப் பதிவு, அரைகுறைப் பனிப் பதிவைவிட மதிப்புள்ளது.

பொருத்திய பிறகு இரண்டு சோதனை. ஒன்று, பனிக்காலத்துக்கு முன்பே: 428 மி.லி. தண்ணீரை அளந்து, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நூறு சாய்வு, 20 மி.மீ. காட்ட வேண்டும். ஐந்து சாய்வுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏதோ ஒயர் வாளியில் உரசுகிறது. இரண்டாவது, மைனஸ் 5க்குக் கீழே போன ஒரு நாளில்: சமையலறைத் தராசில் 214 கிராம் பனியை எடைபோட்டு, ஹீட்டர் ஓடும்போது புனலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். 10 மி.மீ., ஐம்பது சாய்வு வர வேண்டும். உருகி முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பொறுமை வேண்டும். ஐம்பதுக்கு எத்தனை குறைகிறதோ அதுதான் உங்கள் ஆவியாதல் இழப்பு. ரொம்பக் குறைந்தால் தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி இறக்கிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின் என்ன கிடைக்கும்? பூஜ்யத்தை ஒட்டிய நாட்கள் எல்லாம் கிடைக்கும்: ஈரப்பனி, பனியும் மழையும் கலந்தது, பட்ட இடத்தில் உறைந்துபோகும் உறைமழை. 1998 ஜனவரியில் ஒட்டாவாவையும் மாண்ட்ரியலையும் முடக்கிய பனிப்புயல் உறைமழைதான். அப்படிப்பட்ட நாளில் சூடில்லாத மானி கண்ணாடி பூசினாற்போல் மூடிக்கொள்ளும், சூடுள்ளது எண்ணிக்கொண்டே இருக்கும். ஹீட்டருக்குச் செலவழித்த காசு அங்கேதான் திரும்பி வருகிறது.

மைனஸ் 15க்குக் கீழே காற்றோடு வரும் வறண்ட பனியில் அந்த அளவு எதிர்பார்க்காதீர்கள். உருகுவது ஒரு பக்கம் இருக்க, பனி வாய்க்குள் வருவதே சந்தேகம். மானி தன் தலைக்கு மேல் காற்றை வளைக்கிறது, செதில்கள் அதோடு போய்விடுகின்றன. நொடிக்கு 5 மீட்டர் காற்றில், காற்று மறைப்பு இல்லாத மானி விழுந்த பனியில் பாதிக்கும் கீழே பிடிப்பது சாதாரணம். உலக வானிலை அமைப்பு இதற்காகவே பல நாடுகளில் ஒப்பீட்டு ஆய்வுகள் நடத்தியிருக்கிறது. கடைசியாக நடந்ததில் ஒன்டாரியோவின் எக்பர்ட் நிலையமும் ஒரு களம். அங்கே ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் மானியைச் சுற்றி இரண்டு வளைய மரவேலி நிற்கும், வெளி வேலி மட்டும் 12 மீட்டர் விட்டம். கனாட்டா பின்புறத்தில் அது நடக்காது. எத்தனை வாட் போட்டாலும் காற்றின் கணக்கைச் சூடு தீர்க்காது.

அதனால் பனியின் நீரளவு உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால், பக்கத்தில் கையால் அளக்கும் 4 அங்குல மானி ஒன்றை நட்டுவையுங்கள். கோகோராஸ் என்ற தன்னார்வலர் அமைப்பு 1998 முதல் பயன்படுத்தும் மானி அது, கனடாவிலும் அவர்கள் இயங்குகிறார்கள். குளிர்காலத்தில் புனலையும் உள்குழாயையும் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டு வெளி உருளையை மட்டும் நிற்க விடுவார்கள். காலையில் அதை உள்ளே கொண்டுவந்து, அளந்த வெந்நீர் கொஞ்சம் ஊற்றி உருக்கி, உள்குழாயில் மொத்தத்தையும் அளந்து, ஊற்றியதைக் கழிப்பார்கள். அதிலும் காற்று கொஞ்சம் திருடும், ஆனால் ஆவியாதல் அநேகமாக இல்லை.

இரண்டையும் வைத்துக்கொண்டால், சூடாக்கிய மானி எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, இடையில் மழையாக மாறியதா என்பதைச் சொல்லும், கையால் அளக்கும் மானி மொத்தம் எவ்வளவு என்பதைச் சொல்லும். நிலையத்தில் வரும் "மழை வேகம்" என்ற எண்ணைப் பனி நாட்களில் பார்க்கவே வேண்டாம். அது இரண்டு சாய்வுக்கு இடைப்பட்ட நேரத்தை வைத்துப் போடும் கணக்கு, பனியில் அது உங்கள் ஹீட்டர் உருக்கும் வேகத்தைத்தான் காட்டும்.